இசைக்குழுவுக்கு ஒரு நாள் ஓய்வு: தலைநகரில் என்ன கேட்கலாம்?

மாநில அளவிலான கலைத் திருவிழாவுக்குக் கடத்தூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் இசைக்குழு சென்னைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று பறை, ஒரு பம்பை, ஓர் உடுக்கை, இரண்டு புல்லாங்குழல், ஒரு ஜால்ரா. எட்டுப் பிள்ளைகள், உடன் இரண்டு ஆசிரியர்கள். போட்டி முதல் நாள் மாலையே முடிந்துவிடுகிறது. பொம்மிடிக்கோ மொரப்பூருக்கோ திரும்பும் ரயில் மறுநாள் இரவுதான். நடுவில் ஒரு முழுப் பகல் கையில் இருக்கிறது. அந்தப் பகலை என்ன செய்வது?

இதற்கு நம்மிடம் ஆயத்தமான பதில் ஒன்று உண்டு. ஒரு வேனை அமர்த்துவது. வண்டலூர், மெரினா, ஏதாவது ஒரு மால் என்று ஆறேழு இடங்களில் இறங்கி ஏறுவது. எல்லா இடத்திலும் ஒரு குழுப்படம் எடுப்பது. இரவு ரயிலில் ‘எது பிடித்திருந்தது?’ என்று கேட்டால் பாதிப் பிள்ளைகள் ‘கடல்’ என்பார்கள். மீதிப் பாதி தூங்கியிருக்கும். இதில் குற்றம் ஒன்றும் இல்லை. முதன்முதலாகக் கடலைப் பார்ப்பதும் பெரிய அனுபவம்தான். ஆனால் கிடைத்தற்கரிய ஒரு வாய்ப்பு இதில் கைநழுவிப் போகிறது என்பது என் எண்ணம்.

2022–23 கல்வியாண்டில் தொடங்கிய கலைத் திருவிழாவில் பள்ளி, வட்டாரம், மாவட்டம் என்று படிப்படியாக வென்றுதான் ஒரு குழு மாநிலப் போட்டிக்கு வருகிறது. அதற்குள் அந்தப் பிள்ளைகள் மாதக்கணக்கில் காதைத் தீட்டியிருப்பார்கள். பக்கத்தில் இருப்பவர் அரை நொடி முந்தினாலும் அவர்களுக்குத் தெரியும். இப்படிப்பட்ட காதுகளோடு ஒரு பெருநகரத்துக்கு வந்துவிட்டு, கண்ணால் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவானேன்? ஓய்வு நாளிலும் அவர்கள் இசைக்கலைஞர்களாகவே நகரத்தைச் சந்திக்கட்டும். மூன்று இடம் போதும். பெரும்பாலும் நடை, கொஞ்சம் மெட்ரோ. செலவும் குறைவு.

மாநிலப் போட்டிகள் எல்லா ஆண்டும் சென்னையில்தான் நடக்கும் என்பதில்லை. கோவையோ மதுரையோ ஆனாலும் இங்கே சொல்லும் முறை பொருந்தும். இடங்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

கிளம்பும் முன்

ஒரு பாடவேளை ஒதுக்கினால் போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் நாற்பது பக்க நோட்டு ஒன்று. அதற்கு ‘ஒலிக்குறிப்பேடு’ என்று பெயர் வைப்போம். கடத்தூரில் ஒரு நாள் காலையில் எழுந்ததிலிருந்து பள்ளிக்கு வரும்வரை கேட்ட ஒலிகளை முதல் பக்கத்தில் எழுதி வரச் சொல்லுங்கள். பால் வண்டி, பேருந்தின் ஹாரன், கோயில் ஒலிபெருக்கி, வெற்றிலைத் தோட்டத்தில் ஓடும் மோட்டார் என்று இருபது முப்பது தேறும். சென்னையில் கேட்பதை ஒப்பிட இந்தப் பக்கம்தான் அளவுகோல். ஊரின் ஒலியை முதலில் எழுதாத பிள்ளைக்கு நகரத்தின் ஒலி வெறும் இரைச்சலாகத்தான் இருக்கும்.

பெற்றோர் ஒப்புதல், மாணவியர் இருந்தால் உடன் வரும் ஆசிரியை, முதலுதவிப் பை, ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப் பையிலும் ஆசிரியரின் கைபேசி எண் எழுதிய சீட்டு ஆகியவை நாம் அறிந்தவையே. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஓய்வு நாள் வெள்ளியாக அமைந்தால் திட்டத்தை மாற்ற வேண்டியிருக்கும்.

பறை ஏன் தொய்ந்தது?

தருமபுரி மாவட்டத்திலிருந்து தோற்கருவிகளோடு சென்னைக்குப் போகும் எந்தக் குழுவும் முதல் நாளே எதிர்கொள்ளும் சிக்கல் இது. ஊரில் கணீரென்று ஒலித்த பறை, கடற்கரை நகரத்தில் இறங்கியதும் ‘தொப்பு தொப்பு’ என்கிறது. பிள்ளைகள் பதறிப்போவார்கள். போட்டி அரங்கத்துக்குள் நெருப்பு மூட்டிக் காய்ச்ச அனுமதியும் இருக்காது.

போட்டியின் பதற்றத்தில் இதைப் பாடமாக்க முடியாது. மறுநாள் காலை, தங்கும் இடத்தின் மொட்டை மாடியில் பறையை வெயிலில் வைத்துவிட்டு இதைப் பேசலாம். தோல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய தோல் தளரும், இழுவிசை குறையும். கூடவே எடையும் சற்றுக் கூடும். இரண்டும் சேர்ந்து அதிர்வெண்ணைக் கீழே இழுக்கின்றன. அதிர்வெண் இழுவிசையின் இருமடி மூலத்தைப் பொறுத்தது என்பதால், இழுவிசை நான்கு மடங்கானால்தான் அதிர்வெண் இரண்டு மடங்காகும். பறையைக் காய்ச்சும்போது ஈரம் வெளியேறித் தோல் சுருங்கி இறுகுகிறது. எத்தனையோ தலைமுறையாகப் பறைக் கலைஞர்கள் கையால் அறிந்திருந்த இயற்பியல் இது. வெயிலில் வைப்பதற்கு முன் ஓர் அடி, கால் மணி நேரம் கழித்து ஓர் அடி, அரை மணி கழித்து ஓர் அடி என்று கைபேசியில் பதிவு செய்து கேட்டால், ஒன்பதாம், பத்தாம் வகுப்பு ஒலிப் பாடத்துக்கு இதைவிடச் சிறந்த செய்முறை கிடையாது.

புல்லாங்குழல் பிள்ளைக்கும் பங்கு வேண்டுமே. குழலில் அதிர்வது உள்ளே இருக்கும் காற்று. வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் கூடினால் காற்றில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடும். 35 பாகை வெயிலில் சுருதி பார்த்துவிட்டு 22 பாகைக் குளிர்சாதன அரங்கில் நுழைந்தால் வேகம் சுமார் 8 மீட்டர் குறைகிறது. அதாவது இரண்டு விழுக்காட்டுக்கு மேல். சுருதியும் அதே அளவு இறங்க வேண்டும். ஊதும் மூச்சின் வெப்பம் கொஞ்சம் ஈடுகட்டிவிடும். ஆனாலும் நல்ல காதுக்கு வித்தியாசம் தெரியும். ‘நேற்று மேடையில் குழலும் தம்புராச் செயலியும் ஏன் ஒட்டவில்லை?’ என்ற கேள்வி பிள்ளைகளிடமிருந்தே வந்தால், அன்றைய பாடம் வெற்றி.

சென்ட்ரல் வாசலில் ஒரு மணி நேரம்

முதல் இடம் சென்னை சென்ட்ரல். சுற்றுலாப் பட்டியல்களில் ரயில் நிலையத்துக்கு இடம் இருக்காது. நமக்கு அது முதன்மையான இடம். 1873இல் திறக்கப்பட்ட நிலையத்தின் உயர்ந்த கூரைக்கு அடியில் பிள்ளைகளை ஓர் ஓரமாக உட்கார வைத்து, கண்ணை மூடி ஐந்து நிமிடம் கேட்கச் சொல்லுங்கள். எது கிட்டத்தில் ஒலிக்கிறது, எது கூரையில் பட்டுத் திரும்பி வருகிறது? எதிரொலி தனியாகக் கேட்க, தடுப்பு குறைந்தது 17.2 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று பாடத்தில் படிக்கிறோம். அதைவிடக் கிட்டத்தில் இருக்கும் பல பரப்புகளிலிருந்து திரும்பும் ஒலிகள் ஒன்றோடொன்று கலந்தால் எதிர்முழக்கம். அறிவிப்பு ஏன் சில இடங்களில் புரிகிறது, சில இடங்களில் குழம்புகிறது என்று அவர்களே நடந்து பார்த்துக் கண்டுபிடிக்கட்டும்.

இந்த நிலையத்துக்கு ஒரு கதை உண்டு. 2023 பிப்ரவரி இறுதியில் இங்கே ஒலிபெருக்கி அறிவிப்புகளை நிறுத்திவிட்டு, திரைகளில் மட்டும் தகவல் காட்டும் ‘அமைதி நிலையம்’ ஆக்கினார்கள். பார்வையற்ற பயணிகள் எந்த நடைமேடைக்குப் போவார்கள் என்ற கேள்வி எழுந்தது. எழுத்துப் படிக்காதவர்களுக்கும் அதே இடர்ப்பாடு. விரைவிலேயே அறிவிப்புகள் திரும்ப வந்தன. இரைச்சலைக் குறைக்க வேண்டும் என்பதும் நியாயம், ஒலியை நம்பி வாழ்பவர்கள் இருக்கிறார்கள் என்பதும் நியாயம். பிள்ளைகளை இரண்டு அணியாகப் பிரித்துப் பேசவிடுங்கள். நடுவராக இருப்பவர் தீர்ப்புச் சொல்ல அவசரப்பட வேண்டாம்.

வெளியே வந்தால் சாலைக்கு எதிர்ப்புறம் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை. ஒலி மாசு விதிகள் 2000இன்படி மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரையிலான பகுதியை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அங்கே பகலில் வரம்பு 50 டெசிபல், இரவில் 40. ஆசிரியரின் கைபேசியில் டெசிபல் அளக்கும் செயலி ஒன்றை முன்பே பதிவிறக்கி வைத்திருங்கள். மருத்துவமனை வாசலை ஒட்டிய நடைபாதையில் நின்று ஐந்து நிமிடத்துக்கு ஒவ்வொரு பத்து நொடிக்கும் ஓர் அளவீடு. முப்பது எண்கள் கிடைக்கும். சராசரி, இடைநிலை, உச்சம் என்று கணக்குப் பாடம் அங்கேயே நடக்கும். கைபேசி துல்லியமான கருவி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் 50க்கும் 80க்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட அது போதும். 10 டெசிபல் கூடினால் ஒலிச்செறிவு பத்து மடங்கு. 30 கூடினால் ஆயிரம் மடங்கு. உள்ளே படுத்திருக்கும் நோயாளியை நினைத்துக்கொண்டு அந்த ஆயிரத்தை எழுதும் பிள்ளைக்கு அது வெறும் எண்ணாக இருக்காது.

பக்கத்திலேயே 1913இல் திறக்கப்பட்ட ரிப்பன் மாளிகை. அதை ஒட்டி விக்டோரியா பொது மண்டபம். பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபையின் நாடகங்கள் இந்த மண்டபத்தில்தான் மேடையேறின. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்குக் குரல் எப்படிப் போயிற்று என்று நடிப்பில் ஆர்வமுள்ள பிள்ளையிடம் கேளுங்கள். வெளியிலிருந்து பார்த்தாலே போதும். இங்கே அதிக நேரம் வேண்டாம்.

அடுத்து மெட்ரோவில் ஒரே நிறுத்தம், எழும்பூர். நகரும் படிக்கட்டில் ஏறும் ஆசையும் இதிலேயே தீர்ந்துவிடும், மாலுக்குப் போகும் தேவை பாதி குறையும்.

கண்ணாடிப் பெட்டிக்குள் நம் கருவி

1851இல் தொடங்கப்பட்ட எழும்பூர் அரசு அருங்காட்சியகம் ஒரு நாளில் பார்த்து முடிக்கக் கூடியதன்று. முழுவதையும் பார்க்க முயலவே வேண்டாம். குழுவுக்கு ஒரே ஒரு வேலை கொடுங்கள்: ‘இந்த வளாகத்தில் எங்கெல்லாம் இசைக்கருவி இருக்கிறது என்று தேடி வாருங்கள்.’ வரைந்துகொள்ளட்டும், எழுதிக்கொள்ளட்டும், தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என்று பிரித்துக்கொள்ளட்டும். அமராவதிச் சிற்பங்களில் ஆடுவோரும் இசைப்போரும் இருக்கிறார்கள்; அந்த மரபுச் சிற்பங்களில் வில் வடிவ யாழும் இடம்பெறுவதுண்டு, கூர்ந்து தேட வேண்டும். மானிடவியல் பிரிவில் நாட்டுப்புறக் கருவிகள் இருக்கின்றன.

செப்புத் திருமேனிக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசர் முன் கொஞ்சம் நிற்க வேண்டும். பிரெஞ்சுச் சிற்பி ரோதேன் ஒளிப்படங்களை மட்டும் பார்த்து வியந்து எழுதிய சிற்பம். கலை வரலாற்றை நாம் விரிக்க வேண்டியதில்லை. உடுக்கை வாசிக்கும் பிள்ளையை முன்னால் வரச் சொல்லி, ‘வலது மேல் கையில் என்ன இருக்கிறது?’ என்று கேட்டால் போதும். அவன் தன் ஊர்க் கோயில் பூசாரியிடம் கற்ற அதே கருவி அங்கே இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தமிழில் அகப்பொருள் இலக்கணம் நடத்தும்போது கருப்பொருள் பட்டியலில் ‘பறை’ என்ற தலைப்பு வரும்: குறிஞ்சிக்குத் தொண்டகம், முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடி. தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் அந்தத் துடி, இடை சுருங்கிய சிறு பறை. உடுக்கையும் அதன் இனம்தான். பட்டியலில் இருந்த சொல் பிள்ளையின் கைக்கு வந்து சேரும் இடம் இது.

இனிச் சொல்வது கொஞ்சம் கவனமாகச் சொல்ல வேண்டியது. பறை வாசிக்கும் பிள்ளைகளுக்கு அந்த அருங்காட்சியகம் வேறொரு கேள்வியையும் எழுப்பும். நம் பகுதியில் பறை சாவு வீட்டோடும் சாதியோடும் சேர்த்தே பார்க்கப்பட்டு வந்திருக்கிறது. தந்தை பறையடிப்பவராக இருந்தால் பள்ளியில் பறையைத் தொடவே மறுக்கும் பிள்ளைகள் உண்டு. பள்ளி மேடையில் துள்ளி ஆடி வாசித்துவிட்டு, ஊர்த் தெருவில் அந்தக் கருவியைத் துணியால் மூடி எடுத்துப் போகும் பிள்ளைகளும் உண்டு. அரங்கில் கைதட்டிய அதே ஊர், தெருவில் வேறு பெயர் சொல்லி அழைக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட பிள்ளை மாநிலத் தலைநகரின் அருங்காட்சியகத்தில் தோற்கருவிகளின் முன் நிற்கும்போது மனத்தில் என்ன ஓடும் என்பதை நாம் முன்கூட்டியே தீர்மானிக்க முடியாது. பெருமையாக இருக்கலாம். ‘இதை ஏன் செத்த பொருள்போலப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள்?’ என்ற கோபமாகவும் இருக்கலாம்.

‘பார்த்தாயா, எவ்வளவு பெருமை!’ என்று நாமே சொல்லிவிடுவது எளிது. அதைச் சொல்லாமல் இருப்பதுதான் நல்லது. ‘இந்தப் பெட்டிக்குக் கீழே இருக்கும் பெயர்ச்சீட்டை நீங்கள் எழுதுவதாக இருந்தால் என்ன எழுதுவீர்கள்?’ என்று எல்லாரையும் கேளுங்கள். பறை வாசிப்பவர்களை மட்டும் கேட்டால் அவர்களைத் தனியாக நிறுத்தியதாகிவிடும். குழலும் ஜால்ராவும் வாசிக்கும் பிள்ளைகளும் பறைக்குப் பெயர்ச்சீட்டு எழுதட்டும். சட்டகம் எந்த மரம், எந்தத் தோல், புளியங்கொட்டைப் பசை எதற்கு, சிண்டுக்குச்சி எந்தக் கையில், அடிக்குச்சி எந்தக் கையில், யார் செய்கிறார்கள், எப்போதெல்லாம் வாசிக்கப்படுகிறது என்பனவற்றை எழுத வேண்டுமானால் வாசிக்கும் பிள்ளையிடம் கேட்டாக வேண்டும். அப்போது அந்தப் பிள்ளை ஆசிரியர் ஆகிறது. 2025 பத்மஸ்ரீ அறிவிப்பில் மதுரைப் பகுதியைச் சேர்ந்த பறை இசைக் கலைஞர் வேலு ஆசானின் பெயர் இடம்பெற்றதைப் பேச்சின் இடையில் சேர்க்கலாம்.

இது பலிக்க வேண்டுமானால் ஏற்பாடு பள்ளியிலேயே தொடங்கியிருக்க வேண்டும். பறையை யாருக்குக் கொடுக்கிறோம்? ‘இவனுக்குத்தான் இது வரும்’ என்று ஒரு தெருப் பிள்ளைகளிடம் மட்டும் பறையையும், மற்றவர்களிடம் குழலையும் கீபோர்டையும் கொடுத்துவிட்டுச் சென்னையில் சமத்துவம் பேசினால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். எல்லாரும் எல்லாக் கருவியையும் ஒரு மாதமாவது கையில் எடுக்கட்டும், மாணவியர் உட்பட. பிறகு அவரவர் விருப்பம்.

வைமாரில் ஓர் இளையோர் குழு

சுற்றுப்பயணக் குழு ஓய்வு நேரத்தில் எங்கே போகிறது என்பது சிறிய செய்தி போலத் தோன்றும். 1999இல் ஜெர்மனியின் வைமார் நகரம் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராக இருந்த ஆண்டில் நடந்தது வேறு விதமாகச் சொல்கிறது. இசை நடத்துநர் டேனியல் பாரன்பாயிமும் பாலஸ்தீன அறிஞர் எட்வர்ட் செய்தும் இஸ்ரேலிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் இளம் இசைக் கலைஞர்களை அங்கே வரவழைத்தார்கள். பகலில் ஒத்திகை, மாலையில் செய்த் முன்னிலையில் உரையாடல். கவிஞர் கதே வாழ்ந்த அழகான நகரம் அது. சுற்றிப் பார்க்க மாளிகைகளும் பூங்காக்களும் நிறைய உண்டு. ஆனால் அந்த இளைஞர்கள் நகருக்கு வெளியே சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் புகென்வால்ட் நாஜி வதைமுகாமையும் சென்று பார்த்தார்கள். கதேயின் ஊருக்கு அருகிலேயே அந்த முகாமும் இருந்தது என்பதை ஒத்திகை அறையில் உட்கார்ந்து உணர முடியாது. எதிரெதிர் நாடுகளின் பிள்ளைகள் அதைச் சேர்ந்து பார்த்தார்கள், திரும்பி வந்து சேர்ந்தே வாசித்தார்கள். மேற்கு–கிழக்கு திவான் என்ற பெயரில் அந்தக் குழு இன்றும் இயங்குகிறது. பெயர் கதேயின் கவிதைத் தொகுப்பிலிருந்து எடுத்தது.

நம் பிள்ளைகளை அத்தகைய பெருந்துயரத்தின் முன் நிறுத்த வேண்டும் என்று சொல்லவில்லை. வாசிக்கும் பிள்ளைகளின் வாழ்க்கையைத் தொடும் ஓர் இடத்துக்கு அழைத்துப் போனார்கள், மாலையில் அதைப் பற்றிப் பேச நேரம் வைத்திருந்தார்கள் என்ற இரண்டையும் கவனியுங்கள். நம் திட்டத்தில் அந்த மாலை நேரம் மெரினாவில் கிடைக்கிறது.

மெரினாவில் மாலை

மதிய உணவுக்கு அம்மா உணவகம் ஒன்றைத் தேடிக்கொண்டால் கையில் இருக்கும் பணம் மாலைச் சுண்டலுக்கும் மிஞ்சும். வழியில் ஜார்ஜ் கோட்டையை வெளியிலிருந்து காட்டி, பாப்பிரெட்டிப்பட்டித் தொகுதி உட்பட 234 தொகுதிகளின் உறுப்பினர்கள் அமரும் சட்டமன்றம் இங்கே இருக்கிறது என்று சொல்லிவிடலாம். உழைப்பாளர் சிலை அருகே இறங்கிக்கொள்ளுங்கள். சென்னைக் கலைப்பள்ளியின் முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்து 1959இல் நிறுவப்பட்ட சிலை அது. நான்கு பேர் சேர்ந்து ஒரு பாறையை நெம்பும் அந்தக் கணத்தில் அவர்கள் வாயிலிருந்து என்ன ஒலி வந்திருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். ‘ஐலசா’ என்று பிள்ளைகளே சொல்வார்கள். தாளம் எதற்குப் பிறந்தது என்ற பேச்சு அதிலிருந்தே தொடங்கிவிடும்.

மணலில் வட்டமாக உட்கார்ந்து அன்றைய பெயர்ச்சீட்டுகளை ஒவ்வொருவராகப் படிக்கட்டும். யாரும் யாரையும் திருத்த வேண்டாம். அதன்பின் கடலோடு அவர்களை விட்டுவிடலாம், ஓர் ஆசிரியரின் கண் மட்டும் அலையின் விளிம்பில் இருக்கட்டும். குளிக்க அனுமதி கிடையாது என்பதை ஊரிலேயே சொல்லிவிடுங்கள்.

ஊர் திரும்பிய பின்

சென்னைக்குப் போனவர்கள் எட்டுப் பேர். போகாதவர்கள் பள்ளியில் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். ‘பயண அனுபவம்’ என்ற கட்டுரையை எழுதி வாங்கிக்கொண்டு முடித்துவிட்டால் அந்த எட்டுப் பேருக்கே அது சொந்தமாகிப் போகும். ஒலிக்குறிப்பேட்டையும் பதிவுகளையும் வைத்து ஒவ்வொரு வகுப்பிலும் பதினைந்து நிமிடம் அவர்கள் பாடம் நடத்தட்டும். தொய்ந்த பறையின் ஒலியையும் காய்ந்த பறையின் ஒலியையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினால் ஆறாம் வகுப்புப் பிள்ளையும் நிமிர்ந்து உட்காரும். பெயர்ச்சீட்டுகளைப் பெரிய எழுத்தில் எழுதிக் கருவிகளோடு ஒரு வாரம் பள்ளி நூலகத்தில் வையுங்கள். இங்கே கண்ணாடிப் பெட்டி வேண்டாம். எடுத்து வாசித்துப் பார்க்கலாம்.

இன்னொன்று. பள்ளியைச் சுற்றிய 100 மீட்டருக்கும் அதே 50 டெசிபல் வரம்பைப் பொருத்திப் பார்க்கலாம். பொது மருத்துவமனை வாசலில் செய்ததைப் பிள்ளைகள் நம் பள்ளி வாசலில் செய்யட்டும்: சந்தை நாளில் ஒரு முறை, சாதாரண நாளில் ஒரு முறை, பொதுத் தேர்வுக் காலத்தில் ஒரு முறை. முப்பது முப்பது எண்கள், ஒரு வரைபடம். வரம்பை மிக அதிகமாகத் தாண்டியிருந்தால் அளவீடுகளை இணைத்துக் கடத்தூர் பேரூராட்சி செயல் அலுவலருக்கு ஒரு விண்ணப்பம் எழுதலாம். விண்ணப்பம் எழுதுவது தமிழ்ப் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. நகல் ஒன்றைப் பள்ளிக் கோப்பில் தேதியோடு வையுங்கள். அடுத்த ஆண்டுக் குழு அதே இடத்தில், அதே நேரத்தில் மீண்டும் அளக்க அது தேவைப்படும்.